ஐப்பசியில் காய்ந்த வடாம்

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் லேசில் விடாத மலையடிவாரத்தில், கோயம்புத்தூருக்கு மேற்கே, பாக்குத் தோப்பை வெட்டிச் சமன்படுத்திய நிலத்தில், முதுமையை நினைக்காமலேயே முதுமை அடைவதற்கென்று கட்டப்பட்ட நிறைவாழ்வு நகர் என்ற குடியிருப்பில், மழையில் நனையாத மனிதர் ஒருவர் சில வாரங்கள் இருந்தார். அவர் பெயர் அரங்கமன்னார். மின்வாரியத்தில் கண்காணிப்புப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அவரைப் பற்றி அங்கே இப்போது யாரும் பேசுவதில்லை; பேசினாலும் வடாம் வீணாய்ப் போனதைப் பற்றித்தான் பேசுகிறார்கள்.

நிறைவாழ்வு நகரில் வசித்தவர்களின் பிள்ளைகள் எல்லோரும் வேறு கண்டங்களில் இருந்தார்கள். இருந்த இடத்தில் இருந்தபடியே பெற்றோரைப் பார்த்துக்கொள்வதில் தேர்ச்சியும் பெற்றிருந்தார்கள். வயதானவர்களுக்குத் தாகம் சரியாகத் தெரியாது, தெரியாததால் குடிப்பதில்லை, குடிக்காததால் மயங்கி விழுகிறார்கள் என்பது உண்மை. பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து வேளாவேளைக்கு ஒரு டம்ளர் தண்ணீரை நீட்டினால் தீர்ந்துவிடும் என்பதும் உண்மை. ஆனால் இந்த இரண்டாவது உண்மைக்கு விடுப்பும் விமான டிக்கெட்டும் பொறுமையும் தேவைப்பட்டதால், முதல் உண்மையை மட்டும் எடுத்துக்கொண்டு ஒரு நிறுவனம் தாகநண்பன் என்று ஒரு டம்ளர் செய்து விற்றது, பிள்ளைகள் ஆளுக்கொன்று வாங்கி அனுப்பினார்கள்.

தாகநண்பன் பார்ப்பதற்குச் சாதாரண டம்ளர்தான். விளிம்பில் மட்டும் ஒரு கண்ணாடி வளையம் ஓடும். பிடித்திருக்கும் கை யாருடையது என்று அதற்குத் தெரியும். விளிம்பில் உதடு பட்டால் வளையம் நீலமாகும், உரியவர் ஒரு வாய் குடித்தார் என்ற செய்தி அந்த நொடியே கடல் தாண்டிப் போகும். குடிக்கவில்லை என்றால் டம்ளர் பேசும், அதுவும் பிள்ளையின் குரலில். பகல் பதினொரு மணிக்கு எல்லா வீடுகளிலிருந்தும் "அப்பா தண்ணி குடிங்கப்பா", "அம்மா தண்ணி குடிச்சியா" என்று ஊரில் இல்லாத பிள்ளைகள் ஒரே நேரத்தில் கூப்பிட, மரத்தில் உட்கார்ந்திருந்த காகங்கள் எல்லாம் எழுந்து பறந்துவிட்டு, ஆட்கள் யாரும் இல்லை என்று தெரிந்ததும் திரும்ப வந்து உட்காரும்.

இவ்வளவும் யோசித்துச் செய்தவர்கள் ஒன்றை யோசிக்கவில்லை. இந்த நாட்டில் பாத்திரத்தில் வாய் வைக்காத ஒரு கூட்டம் உண்டு. தலையைப் பின்னால் சாய்த்து, டம்ளரை ஒரு சாண் உயரத்தில் தூக்கி, தண்ணீரை அண்ணாந்த வாய்க்குள் ஒரே தாரையாக விடுவார்கள். ஓடும் பஸ்ஸிலும் ஒரு சொட்டு சட்டையில் விழாது. இதற்கு ஆசாரம் என்று பெயர். எச்சில் என்பது ஒருவன் வாயை விட்டு வெளியே வந்த கணமே அவனுக்கே ஆகாததாகிவிடுகிறது என்பது இதன் தத்துவம். தன் வாயை இவ்வளவு சந்தேகிக்கிறவர்கள் அதே வாயிலிருந்து வரும் பேச்சை மட்டும் ஏன் கொஞ்சமும் சந்தேகிப்பதில்லை என்பதை எந்த சாஸ்திரமும் விளக்கவில்லை.

நிறைவாழ்வு நகரில் பாதிப் பேர் அண்ணாந்து குடிப்பவர்கள். முதல் இரண்டு நாள் எல்லோரும் கொதித்தார்கள், தாத்தா காலத்துப் பழக்கம் என்றார்கள், உயிரே போனாலும் என்றார்கள். ஒரு மாமி ஈர விரலால் விளிம்பைத் தடவிப் பார்த்தாள். "இது விரல்மா" என்றது டம்ளர், மகளின் குரலில், மகளுக்கே உரிய சலிப்போடு. அப்புறம் பிள்ளைகள் போனில் கோபித்துக்கொண்டார்கள். வாரம் முடிவதற்குள் தாத்தா காலத்து ஆசாரம் ஆளுக்கு ஒரு போன் அழைப்பில் கரைந்து, எல்லோரும் விளிம்பில் உதட்டை வைத்துக் கன்றுக்குட்டி போல் உறிஞ்சத் தொடங்கினார்கள்.

அரங்கமன்னார் மட்டும் மாட்டேன் என்றார். அந்த டம்ளரிலேயே வேளாவேளைக்கு, மற்ற எல்லோரையும்விட அதிகமாகவே குடித்தார். ஆனால் அண்ணாந்து குடித்தார். அவர் ஒரு சொட்டும் குடிக்கவில்லை என்று டம்ளர் சொன்னது.

நிறுவனத்திலிருந்து நிவேதா என்ற பெண் வந்தாள். வாடிக்கையாளர்களின் மகிழ்ச்சிக்கு அவள் பொறுப்பு என்று அவள் சட்டையில் குத்தியிருந்த அட்டை சொன்னது.

"சார், நீங்க தண்ணியே எடுத்துக்கறதில்லைன்னு காட்டுது."

"இப்போ குடிக்கறேன், பாரும்மா" என்று அரங்கமன்னார் டம்ளரை நிரப்பித் தூக்கி, கழுத்து நரம்புகள் தெரிய, கடைசிச் சொட்டுவரை விட்டுக்கொண்டார்.

நிவேதா போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இல்லையே சார். ஜீரோதான்."

"நீ கண்ணால பார்த்தியோ இல்லையோ?"

"நான் பார்த்தேன் சார். சிஸ்டம் பார்க்கலையே. லிப் படணும். ஒரே ஒரு தடவை பட்டாக்கூடப் போதும், எல்லாம் சரியாயிடும்."

"எழுபத்தெட்டு வருஷமா பட்டதில்லை."

"அப்போ எழுபத்தெட்டு வருஷமா நீங்க குடிக்கலைன்னுதான் சார் அது எடுத்துக்கும்" என்றாள் அவள், கேலியாக அல்ல, மிகுந்த அனுதாபத்தோடு.

எந்திரம் ஒன்றைச் சொல்ல, நடப்பு வேறொன்றாக இருந்தால், விட்டுக்கொடுக்க வேண்டியது நடப்புதான்; அதற்குப் புகார் சொல்லக் குறைதீர் எண் கிடையாது. அன்று மாலையே அரங்கமன்னாரின் உடம்பு டம்ளர் சொன்னதைக் கேட்டுக்கொண்டது. குளித்துவிட்டுத் துண்டை எடுத்தார், துடைப்பதற்கு ஒன்றும் இல்லை. நெற்றிக்கு இட்டுக்கொள்ளத் திருமண் குழைத்தார், அது குழையாமல் பொடியாகவே உதிர்ந்தது. மழையில் கீழே இறங்கி நடந்தார். அவர் மேல் விழ வந்த மழை அவரைத் தொடுவதற்கு முன்பே இல்லாமல் போயிற்று, நடந்த வழியெல்லாம் சிமெண்டுத் தரையில் ஒரு வெள்ளைக் கோடு காய்ந்து கிடந்தது. டம்ளரில் இருக்கும்வரை தண்ணீர் தண்ணீராக இருந்தது, அவர் வாயில் விழுந்ததும் ஒழுங்காகத் தாகம் தீர்த்தது. வேறெந்த ஈரமும் அவர் பக்கத்தில் நிற்கவில்லை.

டாக்டர் வந்து பார்த்தார். நாக்கு ஈரமாக இருக்கிறது, ரத்தம் நன்றாக இருக்கிறது, உடம்புக்கு ஒன்றுமில்லை என்றார். "அப்போ இது என்ன?" என்று கேட்டதற்கு, "எதுவோ" என்று சொல்லிவிட்டு, தன் நனைந்த காலுறைகளைக் கழற்றி அரங்கமன்னாரின் முழங்காலுக்குப் பக்கத்தில் போட்டு, காய்ந்ததும் மாட்டிக்கொண்டு போனார்.

மகன் முகுந்தன் மினியாபொலிஸிலிருந்து வீடியோவில் வந்தான்.

"அப்பா, நீங்க பேசறேள், சரி. ஆனா டேட்டா வேற சொல்றதே."

"நான் உயிரோட இருக்கேன்டா."

"அதைத்தான் எப்படின்னு கேக்கறேன்" என்றான் முகுந்தன். அப்புறம் யாரிடமோ விசாரிப்பதாகச் சொல்லி வைத்துவிட்டான். யாரிடம் விசாரித்தான் என்பது கடைசிவரை தெரியவில்லை.

இதையெல்லாம் அற்புதம் என்று அங்கே ஒருவரும் சொல்லவில்லை. கோயில் கட்டியிருப்பார்கள், விழுந்து கும்பிட்டிருப்பார்கள் என்று நினைப்பவர்களுக்கு ஓய்வு பெற்ற நடுத்தர வர்க்கத்தைத் தெரியாது. கடவுளே கதவைத் தட்டினாலும், வந்ததுதான் வந்தீர்கள், அந்த மேல் அலமாரியிலிருந்து குக்கரை எடுத்துக் கொடுங்கள் என்று சொல்லக்கூடியவர்கள் அவர்கள். ஆரம்பித்து வைத்தவர் இரண்டாம் மாடி சிகப்பி ஆச்சி. காரைக்குடிக்காரர், கோடையில் அமெரிக்காவுக்குப் போய்விட்டு வந்ததால் அந்த வருஷம் வடாம் போட முடியவில்லையே என்று மூன்று மாதமாகப் பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவர். மொட்டை மாடிப் படியில் அரங்கமன்னார் ஏறி வருவதைப் பார்த்தார், அவரைச் சுற்றி மழை ஒதுங்குவதையும் பார்த்தார், ஒரு கணம்கூட வாயைப் பிளக்காமல் உள்ளே போய்ப் பிழிந்த கூழ் வடாம் தட்டுகளோடு வந்தார்.

"அண்ணே, ஒரு நிமிசம் இப்பிடி நில்லுங்கண்ணே. அசையாதீக."

அண்ணன் நின்றார். வடாம் காய்ந்தது. சித்திரை வெயிலில் இரண்டு நாள் ஆகும் காய்ச்சல் ஆச்சி புடவைத் தலைப்பை உதறிச் செருகுவதற்குள் ஆகிவிட்டது. எண்ணெயில் போட்டுப் பார்த்தார்கள், பூவாய்ப் பொரிந்தது.

அதற்குப் பிறகு நிறைவாழ்வு நகர் அவரை ஒரு நாளும் சும்மா விடவில்லை. ஜவ்வரிசி வடாம், அரிசி வடாம், மோர் மிளகாய், சுண்டைக்காய் வத்தல் எல்லாம் மாடிக்கு வந்தன. துவைத்த போர்வைகள் வந்தன, நனைந்த செருப்புகள் வந்தன, நமுத்துப்போன தீப்பெட்டிகளும் நூலகத்தில் பூஞ்சை பிடித்த தொடர்கதைத் தொகுப்புகளும் வந்தன, லிப்டுக் குழியில் தண்ணீர் தேங்கியபோது அவரையே கயிறு கட்டி இறக்கலாமா என்று ஒரு யோசனை வந்து, வயதை உத்தேசித்து, குழியின் ஓரத்தில் உட்கார வைத்தால் போதும் என்று முடிவாயிற்று. சங்கத்தின் செயலாளர் ஈஸ்வரமூர்த்தி, திருப்பூர் மில் ஒன்றில் மேலாளராக இருந்தவர், ஆளையும் இயந்திரத்தையும் சும்மா விடக்கூடாது என்ற கொள்கை உடையவர், மாடிக்கு நடுவே ஒரு சுழல் நாற்காலியைப் போட்டார்.

"சார், நீங்க சும்மா உக்கார்ந்தாப் போதுமுங்க. அரை மணிக்கொருக்கா இந்தப்பக்கம் அந்தப்பக்கம் திரும்புனீங்கன்னா எல்லாப் பக்கமும் சமமாக் காயுமுங்க."

"எனக்கொண்ணும் சிரமமில்லை" என்றார் அரங்கமன்னார்.

சிரமமில்லைதான், சந்தோஷமே இருந்தது, அதைத்தான் சொல்ல வேண்டும். ஒரு காலத்தில் அவர் கையெழுத்துப் போட்டால் ஒரு தாலுகாவுக்கு மின்சாரம் வந்தது. ஓய்வு பெற்ற மறுநாளிலிருந்து அவருக்குப் போன் செய்தவர்கள் கடன் அட்டை விற்பவர்கள் மட்டுமே. இப்போது காலையில் கதவைத் திறந்தால் "சார் எழுந்துட்டீங்களா" என்று வாசலில் ஈரத்துணியோடு ஆள் நிற்கிறது. இன்னும் பயன்படுகிறோம் என்ற நினைப்பு வயதானவர்களுக்குக் கள்ளைவிடக் கெட்டது. சுழல் நாற்காலியில் துணைமின்நிலையத் திறப்பு விழாவுக்கு வந்தவர் மாதிரி முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து, சுற்றிலும் பெய்யும் மழைக்கு நடுவே, மணக்க மணக்கக் காயும் கூழ் வட்டங்களை அதிகாரத்தோடு பார்வையிட்டார். டம்ளர் பக்கத்தில் மகன் குரலில் கெஞ்சிக்கொண்டே இருந்தது. அவர் அவ்வப்போது அண்ணாந்து குடித்தார், ஒவ்வொரு முறையும் இல்லை என்று பதிவாயிற்று, பதிவாகப் பதிவாக அவரைச் சுற்றியிருந்த வறட்சி விரலளவிலிருந்து சாண் அளவு, சாணிலிருந்து முழம், பிறகு மாடி முழுவதும், கடைசியில் அவர் கீழே இறங்கிய பிறகும் மாடி நனையாத அளவுக்கு என்று பெருகிற்று. ஊர் மகிழ்ந்தது.

அந்த வறட்சிக்குள் அகப்பட்டவள் ஒருத்தி இருந்தாள். அவர் மனைவி பத்மாசனி, தரைத்தளத்தில் பராமரிப்புப் பிரிவில் படுத்த படுக்கையாகக் கிடந்தாள். பக்கவாதம் அவள் வலது கையையும் வாயின் வலது ஓரத்தையும் எடுத்துக்கொண்டது. இடது ஓரம் இரண்டுக்கும் சேர்த்துப் பேசியது. விழுங்குவது கஷ்டம் என்பதால் ஸ்பூன் ஸ்பூனாகத்தான் தண்ணீர் கொடுக்க வேண்டும், அதையும் அவள் கணவர் கையால் மட்டுமே வாங்கிக்கொள்வாள். நர்ஸ் ஸ்டெல்லா கொடுத்தால் பல்லைக் கடித்துக்கொள்வாள். ஸ்டெல்லா நல்ல பெண்தான், ஆனால் அவளுக்குப் படுக்கைகள் அதிகம். "அவ கடிகாரத்தைப் பார்த்துண்டே ஊத்தறா. நான் என்ன பூந்தொட்டியா?" என்பது பத்மாசனியின் தீர்ப்பு. முதல்முறை படுத்தபோது டவுன் ஆஸ்பத்திரியில் மூக்கு வழியாகக் குழாய் போட்டார்கள். அவள் இடது கையால் அதைப் பிடுங்கினாள். அந்தக் கையைத் துணியால் கட்டில் கம்பியோடு கட்டிப்போட்டார்கள். கட்டிய கையோடு இரண்டு வாரம் கூரையைப் பார்த்துக் கிடந்ததை அவள் பிறகு ஒரே ஒரு முறைதான் சொன்னாள், சொன்னபோது அவள் குரலில் வழக்கமான கிண்டல் இல்லை.

வறட்சி விரலளவு இருந்தபோது ஸ்பூன் நீர் முக்கால்வாசி அவள் வாய்க்குப் போயிற்று. சாண் அளவு ஆனபோது பாதி. அரங்கமன்னார் வேகமாகக் கொடுத்துப் பார்த்தார், புரையேறியது. முழத்துக்கு மேல் போனபிறகு டம்ளரிலிருந்து ஸ்பூனில் விட்ட தண்ணீர் ஸ்பூனிலேயே இல்லாமல் போயிற்று. வெறும் ஸ்பூனை அவர் மனைவியின் வாயில் வைத்து எடுத்தார், அவள் வெறும் ஸ்பூனை விழுங்கிவிட்டு அவரைப் பார்த்தாள்.

"உங்க வாய்ல விழற தண்ணி என் வாய்ல மட்டும் விழமாட்டேங்கறதே, என்ன கோபம் அதுக்கு?"

அன்று மத்தியானம் ஸ்டெல்லா அவரை வராந்தாவுக்குக் கூப்பிட்டாள். "சார், அம்மாவுக்கு உடம்பு வத்திட்டிருக்கு. நாளைக்குக் காலையில டாக்டர் வந்து டியூப் போடச் சொல்லிட்டாரு. கையைக் கட்டணும் சார். போன தடவை பிடுங்கினாங்கன்னு ஃபைல்ல இருக்கு."

"வேற வழி?"

"அம்மா தண்ணி குடிச்சுட்டா வேற எதுவுமே வேண்டாம் சார்."

வழி என்ன என்பது அவருக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும். நிவேதா சொல்லிவிட்டுப் போயிருந்தாள்: ஒரே ஒரு தடவை உதடு படவேண்டும். இதற்கு ஒரு மனிதர் நேராக வீட்டுக்குப் போய் டம்ளரை எடுத்திருக்க வேண்டும். அரங்கமன்னார் சங்கத்துக்குப் போனார். வாழ்நாள் முழுவதும் எதையும் மேலிடத்தில் கேட்டே செய்தவர்களுக்கு, சொந்த உதட்டை எங்கே வைப்பது என்பதற்கும் ஒரு மேலிடம் தேவைப்படுகிறது.

அவர் சொன்னதைச் சங்கம் மரியாதையாகக் கேட்டது. பக்கோடாவும் காபியும் வந்தன. முதலில் பேசியது ஆச்சி.

"அண்ணே, தீவாளி வரைக்கும் பொறுத்துக்கிடக் கூடாதா? மாடி முச்சூடும் மாவு பிழிஞ்சு கெடக்கு. நீங்க இப்பப் போயி வாயை வச்சீகன்னா அம்புட்டும் கரைஞ்சு போகுமே."

"என் பொண்டாட்டி..." என்று ஆரம்பித்தார் அரங்கமன்னார்.

"அம்மாவுக்கு டியூப் போட்டுட்டா ஒரு பிரச்சனையும் இல்லைங்க சார்" என்றார் ஈஸ்வரமூர்த்தி. "மூக்கு வழியாப் போறது நம்மளுக்குத் தெரியக்கூடத் தெரியாதுங்க. சொகமுங்க அது."

"உங்களுக்குப் போட்டிருக்காளோ?"

"எனக்கெதுக்குங்க? நான் நல்லாத்தானே இருக்கேன்."

அப்போது, முதல் வாரத்திலேயே விளிம்பில் வாய் வைத்துவிட்ட ஒருவர், ஈர விரல் மாமியின் கணவர், எழுந்து நின்று தொண்டையைச் செருமினார். "நாங்க எல்லாரும் கெட்டுப் போயிட்டோம் ஸ்வாமி. பிள்ளைகளுக்குப் பயந்து பெரியவா வழக்கத்தை விட்டுட்டோம். நீங்க ஒருத்தர்தான் மிச்சம். நீங்களாவது காப்பாத்துங்கோ" என்றார். அவர் கண்கள் கலங்கின, அரங்கமன்னார் பக்கத்தில் இருந்ததால் உடனே காய்ந்தன. எல்லோரும் கை தட்டினார்கள். தாங்கள் தூக்கியெறிந்த ஒன்றை இன்னொருவர் தலையில் ஏற்றிவைத்து, அவர் அதைச் சுமப்பதைப் பார்த்துப் புல்லரிப்பதில் இருக்கும் சுகம் டியூபின் சுகத்தைவிடப் பெரிது. அலமாரியிலிருந்து ஒரு பொன்னாடை வந்தது. யாரோ ஒரு சட்டமன்ற உறுப்பினர் வராமல் போன விழாவில் மிச்சமானது. ஈஸ்வரமூர்த்தி அதை விரித்துப் போர்த்தினார், ஆச்சி போட்டோ எடுத்தார்.

அரங்கமன்னார் வேண்டாம் என்று சொல்லவில்லை. மறைத்துப் பயனில்லை: குனிந்து தோளைக் காட்டினார்.

பொன்னாடையோடும் டம்ளரோடும் அவர் கீழே போனபோது சாயங்காலம் ஆகியிருந்தது. பத்மாசனியின் உதடு வெடித்து, தோல் வெள்ளையாய்த் தூக்கியிருந்தது. அவள் கண்ணைத் திறந்தாள்.

"என்ன அது தோள்ல?"

"பொன்னாடை."

"எதுக்கு?"

"ஆசாரத்தைக் காப்பாத்தறேனாம். எல்லாருமாப் போர்த்தினா."

பத்மாசனி சிரித்தாள். வாயின் இடது ஓரம் மட்டும் சிரிக்க, அந்த இழுப்பில் உதடு இன்னும் கொஞ்சம் பிளந்து ஒரு துளி ரத்தம் எட்டிப் பார்த்தது. பார்த்த இடத்திலேயே காய்ந்து சிவப்புப் பொடியாயிற்று. அரங்கமன்னார் அதைப் பார்த்தார். மூன்று வாரமாக எல்லாம் காய்வதைப் பெருமையோடு பார்த்துக்கொண்டிருந்தவர் இதைப் பார்க்க முடியாமல் சுவரைப் பார்த்தார்.

"நாளைக்குக் கையைக் கட்டப் போறாளாமே. ஸ்டெல்லா சொன்னா."

அவர் டம்ளரைக் கட்டிலுக்குப் பக்கத்து மேசையில் வைத்தார்.

"அந்த டம்ளர்ல ஒரு தரம் வாயை வெச்சா என்ன?"

"பழக்கமில்லை, பத்மா."

"எனக்குப் பழக்கம்."

"என்ன பழக்கம்?"

"அண்ணாந்து குடிச்சா எனக்குப் புரையேறும்னா. சின்ன வயசுலேர்ந்தே. உங்காத்துக்கு வந்த மறுநாளே பார்த்தேன், அங்கே வாய் வெச்சுக் குடிச்சாக் கொலைக்குத்தம். உங்கம்மா கொல்லைப்பக்கம் போற வரைக்கும் காத்துண்டிருப்பேன். அப்புறம் அந்த வெள்ளிச் சொம்புல வாயை வெச்சு நன்னா உறிஞ்சிக் குடிப்பேன். அதே சொம்புல மறுபடி தண்ணி மொண்டு உங்களுக்குக் கொண்டுவந்து வெப்பேன். நீங்க தூக்கி விட்டுப்பேள்."

"எப்போ?"

"எப்பவும். தினமும்."

"அலம்பிட்டுத்தானே வெச்சே?"

பத்மாசனி யோசித்தாள். "சிலநாள்."

ஜன்னலுக்கு வெளியே, தள்ளி, மழை இரைந்தது. ஐம்பது வருஷத்துக்கு மேலாக அரங்கமன்னார் ஒரு சாண் உயரத்திலிருந்து தன் எச்சில்கூடப் படாமல் காப்பாற்றிக் குடித்த தண்ணீர் முழுவதையும், உதட்டுக்கும் சொம்புக்கும் நடுவே அவர் பத்திரமாக வைத்திருந்த அந்த வெற்றிடத்துக்கு அப்பாலிருந்து, இந்தப் பெண் முன்கூட்டியே குடித்துவிட்டு அனுப்பியிருந்தாள்.

"உன் எச்சிலையா குடிச்சிண்டிருந்தேன்?"

"உங்க உடம்புல பாதி அதுதான் ஓடறது. கோவமா?"

"ஏன் சொல்லலை?"

"சொன்னா நிறுத்தியிருப்பேளே" என்றாள் பத்மாசனி. "நீங்க தலையைச் சாச்சு விட்டுக்கறச்சே கழுத்து நரம்பெல்லாம் தெரியும், தொண்டைக்குழி ஏறி ஏறி இறங்கும். சர்க்கஸ் மாதிரி இருக்கும். எனக்குப் பார்க்கப் பிடிச்சுது. இப்போ போதும். எனக்கு நாக்கு ஒட்டிக்கறது."

அரங்கமன்னார் டம்ளரைத் தூக்கினார். கை பழக்கத்தில் தலைக்கு மேலே போயிற்று. பாதி வழியில் நிறுத்தி, கீழே இறக்கி, வாய்க்கு நேரே கொண்டுவந்தார். அவருக்கு எப்படி வைப்பது என்று தெரியவில்லை. மேலுதட்டை உள்ளே விடுவதா வெளியே விடுவதா என்று தெரியவில்லை. ஊதுகுழல் வாசிப்பவர் மாதிரி உதட்டைக் குவித்தார், விளிம்பு பல்லில் இடித்தது.

"முத்தம் குடுக்கத் தெரியாத மனுஷன்" என்றாள் பத்மாசனி. "கீழுதட்டை வையுங்கோ மொதல்ல. ஆங். இப்போ சாயுங்கோ. மெள்ள."

கண்ணாடி வளையம் சில்லென்று இருந்தது. ஒரு வாய் தண்ணீர் உள்ளே போயிற்று, அதைவிட அதிகம் மோவாய் வழியாகச் சட்டைக்குப் போயிற்று. வளையம் நீலமாயிற்று. "சபாஷ்ப்பா!" என்று கூவியது டம்ளர், முகுந்தனின் குரலில். முகுந்தன் நேரில் அப்பாவிடம் ஒருநாளும் உபயோகிக்காத சொல் அது.

சட்டை நனைந்தது, நனைந்தபடியே இருந்தது. நெற்றியில் வியர்த்தது. கண்ணிலிருந்தும் வழிந்தது, அதை அழுகை என்று எழுதிவிட ஆசையாகத்தான் இருக்கும், ஆனால் மூன்று வாரமாக வழி கிடைக்காமல் நின்ற நீர் திறந்த வாசல் வழியாகவெல்லாம் வந்தது, அவ்வளவுதான். அரங்கமன்னார் துடைத்துக்கொள்ளவில்லை. ஸ்பூனை நிறைத்தார். நீர் ஸ்பூனில் தளும்பியது, தளும்பிக்கொண்டே காற்றைக் கடந்தது, போய்ச் சேர்ந்தது. பத்மாசனியின் தொண்டை அசைந்தது. இன்னொரு ஸ்பூன். பொன்னாடையின் நுனியை எடுத்து அவள் மோவாயில் ஒழுகியதைத் துடைத்தார். ஜரிகை குத்தும் என்று மடித்துத் துடைத்தார்.

மேலே, மொட்டை மாடியில், இத்தனை நாளும் ஒதுங்கியிருந்த மழை எல்லா இடத்துக்கும் ஒரே சமயத்தில் வந்து சேர்ந்தது. கூழ் வடாம் கூழாயிற்று. ஜவ்வரிசி கண் விழித்து ஊதிற்று. மோர் மிளகாய்கள் மிதந்து படிக்கட்டில் இறங்கின. மழைநீர்க் குழாய்கள் வழியாக வெள்ளைக் கஞ்சி கொட்டி, ஈஸ்வரமூர்த்தி நட்டு வளர்த்த ரோஜாச் செடிகளைப் போர்த்தியது. ஆச்சி முறத்தைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஓடினார், போர்வைகளுக்கு உரியவர்கள் போர்வைகளை நோக்கி ஓடினார்கள், பிறகு எல்லோரும், யார் காரணம் என்பதில் ஒரு கணமும் சந்தேகமில்லாமல், திரும்பித் தரைத்தளத்துக்கு ஓடிவந்தார்கள். பராமரிப்புப் பிரிவின் முற்றத்துக்குக் கூரை கிடையாது. பதைபதைத்துக் கதவைத் தட்டினார்கள்.

அரங்கமன்னார் ஸ்பூனோடு போய்க் கதவைத் திறந்தார்.

"சார், என்னுங்க சார் இப்பிடிப் பண்ணிப்போட்டீங்க!" ஈஸ்வரமூர்த்தியின் வேட்டியிலிருந்து தண்ணீர் ஓடியது. "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா மாவையாவது அள்ளியிருப்பமுங்க. இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகலைங்க. நாளையிலிருந்து மறுபடி அண்ணாந்து குடிங்க, கொஞ்ச நாள்ல பழையபடி ஆயிடுமுங்க. அந்தப் பொன்னாடையை நாங்க திருப்பிக் கேக்கலைங்க, வெச்சுக்கங்க."

"அண்ணே, எங்க அம்புட்டுப் பேர் வயித்துலயும் அடிச்சுட்டீகளே" என்றார் ஆச்சி, முறத்துக்கு அடியிலிருந்து.

"ஆசாரம் போச்சே ஸ்வாமி" என்றார் ஈர விரல் மாமியின் கணவர்.

அரங்கமன்னார் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். அவள் குடித்தாளா என்று யாராவது கேட்பார்களோ என்று, நியாயமாக, கொஞ்ச நேரம் காத்திருந்தார். மழை நன்றாகப் பெய்துகொண்டிருந்தது.

உள்ளேயிருந்து குரல் வந்தது. முன்பைவிடத் தெளிவாக இருந்தது, நாக்கு புரண்டது.

"யாரு அது?"

"சங்கத்துலேர்ந்து எல்லாரும் வந்திருக்கா, பத்மா. நனைஞ்சுண்டு நிக்கறா."

"நிக்கட்டும். கதவைச் சாத்திட்டு வாங்கோ. எனக்கு இன்னும் ஒரு வாய்."